அம்மா அப்பாவோடு கொழும்பில் ஐந்து நாள்: எங்கே தங்குவது, எப்படித் திட்டமிடுவது?

கொக்குவில் மூத்தவள் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாய் எழுதப் போறன், பொறுமையாய் வாசியுங்கோ.

அப்பாவுக்கு வாற வருசம் 75. யாழ்ப்பாணத்தில இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். அம்மாவுக்கு 71, முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டா. நானும் அவரும் ரெண்டு பிள்ளையளும் (13, 8), லண்டனில இருந்து தம்பி, மச்சாள், ஒண்டரை வயசுக் குழந்தை. மொத்தம் ஒன்பது பேர். டிசம்பரில வந்து கொழும்பில ஐந்து நாள் நல்ல வசதியாய் நிண்டு போட்டு யாழ்ப்பாணம் போறதாய் யோசினை. நானும் தம்பியும் நாலு வருசமாய் இதுக்கெண்டே காசு சேர்த்து வைச்சிருக்கிறம். கஞ்சத்தனம் பாக்கிற பயணம் இல்லை இது.

ஏன் கொழும்பு எண்டு கேப்பியள். அப்பா கொழும்புக்கு எத்தினையோ தரம் வந்திருக்கிறார். ஒரு தரமும் பாக்க வரேல்லை. பாஸ்போட், என்ர விசா நேர்முகம், அம்மாவின்ர ஒப்பரேசன், எங்களை ஏத்திவிட விமான நிலையம். வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில காத்தாடி சுத்தாத அறை, காலமை எழும்பி, சண்டைக் காலத்தில எங்கட ஆக்கள் செய்ய வேண்டியிருந்த பொலிஸ் பதிவு, பிறகு தூதரக வரிசை. அவருக்குத் தெரிஞ்ச கொழும்பு அவ்வளவுதான். கடலோரத்துக் காலிமுகத்திடலைக் கூட பஸ்ஸுக்குள்ள இருந்துதான் பாத்திருக்கிறார்.

அதால கேக்கிறன்: எந்த ஹோட்டல், எந்தப் பக்கம் அறை, ஐந்து நாளையும் எப்படிப் பிரிக்கிறது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

*

கல்லடிப் பாலம் (மட்டக்களப்பு)

இவ்வளவு காசு செலவழிக்கிறதெண்டா பென்டோட்டைக்கோ பாசிக்குடாவுக்கோ போகலாமே அக்கா. டிசம்பரில பாசிக்குடாவில மழை, அதையும் சொல்லிப் போடுறன். ஆனா கொழும்பில வெக்கையும் வாகன நெரிசலும்தான். ஐந்து நாள் கூட.

*

தேயிலைச் சாயம் (கொழும்பு 6)

அக்கா, நான் ஹட்டன் பக்கம். கொழும்பில ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல்ல பதினாறு வருசமா வரவேற்புப் பகுதியில வேலை செய்றேன். எந்த ஹோட்டல்னு சொல்ல மாட்டேன், ஆனா மேசைக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல விலை. இணையத்துல போட்டிருக்கிற விலைக்குப் பின்னால ரெண்டு கூட்டல் குறி இருந்தா அது முடிஞ்ச விலை இல்ல. சேர்விஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கு மேல வற் வரி 18 சதவீதம். வரி, சேர்விஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுவாங்க. 100 டொலர் அறை 110 ஆகி, அது 129.80 ஆகும். இதுக்கு மேல சின்னச் சின்ன வரியும் வரும். மூணு அறை, ஐந்து இரவுன்னா பெரிய வித்தியாசம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு"ன்னு மின்னஞ்சல்ல எழுதி வாங்கிக்கங்க.

ரெண்டாவது, டிசம்பர் வேணாம். 20ஆம் திகதிக்குப் பிறகு விலை ஏறிடும். நத்தார் இரவும் 31ஆம் திகதி இரவும் பல இடங்கள்ல விருந்துக்குக் கட்டாயமா காசு கட்டணும், நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். உங்க தம்பி பிள்ளைக்கு இன்னும் ஸ்கூல் இல்லையே? கனடாவுல மார்ச் நடுவுல ஒரு வார லீவு இருக்குதானே, அதுல வாங்க. மார்ச்சுல கொழும்புல வெயில் கடுமை, ஆனா மழை குறைவு, கடலும் மே மாசம் போல கொந்தளிக்காது. ஹோட்டலும் மூச்சு விடும், நாங்களும் ஆளைக் கவனிக்கலாம்.

மூணாவது, அப்பா அம்மாவோட அறையை அவங்க அடையாள அட்டையில போடுங்க. இலங்கையில வசிக்கிறவங்களுக்குத் தனி விலை உண்டு, நிறைய இடத்துல குறைவா இருக்கும். உள்ளூர் வங்கி அட்டைகளுக்கும் கழிவு போகும். அடையாள அட்டையை மட்டும் மறக்காம கொண்டு வரச் சொல்லுங்க.

நாலாவதைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. குளியலறை. பெரிய ஹோட்டல்னா குளியல் தொட்டி இருக்கும்னு சந்தோசப்படுறாங்க. முழங்கால் வலிக்காரங்களுக்கு அந்தத் தொட்டியோட விளிம்புதான் எதிரி. முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி, ஈரத்துல அந்தப் பக்கம் வைக்கணும். நான் பார்த்த வயசானவங்க விழுந்தது படியிலயோ நீச்சல் குளத்துலயோ இல்ல, அதிகமா அங்கதான். "தொட்டி இல்லாத அறை, தரை மட்டத்துல ஷவர், பிடிச்சுக்கக் கம்பி, உள்ள ஒரு ஸ்டூல்" இந்த நாலையும் கேளுங்க. அறையோட படத்தையும் அனுப்பச் சொல்லுங்க. இப்படிக் கேட்டா நாங்க கோவிக்க மாட்டோம், சந்தோசமா செய்வோம்.

அப்புறம், கனடா, லண்டன் விமானம் விடியற்காலையில இறங்கினா அறை பகல் ரெண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முந்தின இரவையும் சேர்த்து எடுத்துருங்க. குழந்தையை வச்சிக்கிட்டு லொபியில ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பார்க்கிறேன். ஒரு இரவு காசு மிச்சம் பிடிச்சதால வந்த வினை.

*

கொக்குவில் மூத்தவள் (ஸ்காபரோ)

தம்பி, குளியல் தொட்டியைப் பற்றி நான் கனவிலயும் நினைச்சிருக்கமாட்டன். மிக்க நன்றி. மார்ச் லீவு நல்ல யோசினை, அவரோட கதைச்சிட்டன், அதுவே முடிவு. இனி ஹோட்டல்?

*

செட்டியார் தெரு ஆச்சி (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, நான் இந்த நகரத்தில் அறுபது வருடமாக இருக்கிறேன். என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

உன் அப்பாவை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அவர் பஸ்ஸிலிருந்து பார்த்த திடல் சும்மா ஒரு புல்வெளி இல்லை. ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859இல் அதை ஒழுங்குபடுத்தி முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1864இல், அதன் தெற்கு முனையில் கோல் ஃபேஸ் ஹோட்டல் வந்தது. இன்றைக்கும் பொழுது சாய்கிற நேரத்தில் கடலோர முற்றத்தில் குழல் ஊதிக் கொடியை இறக்குவார்கள். சதுரங்கப் பலகை போல் கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. அங்கே ஒரு பிரம்பு நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஒன்பது பேரும் ஐந்து இரவும் அங்கேயே தங்க வேண்டுமா என்றால் யோசிப்பேன். பழைய கட்டடம் என்றால் நீண்ட நடை, ஆங்காங்கே படி. சின்னப் பிள்ளைகளுக்கு ஷங்ரிலா சரி. 2017இல் திறந்தது, பெரிய நீச்சல் குளம், பக்கத்தில் வணிக வளாகம், வெயிலில் கால் வைக்காமலே உள்ளுக்குள்ளால் போய்வரலாம். தாஜ் சமுத்ரா பழையது, 1984இலிருந்து இருக்கிறது. தோட்டம் பெரிது, உயரம் குறைவு, வயதானவர்களுக்கு மனம் ஒன்றும். ஐரிசி ரத்னதீப 2024இல் வந்தது. இரண்டு கோபுரத்தையும் இணைத்து வானத்தில் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கொம்பனித்தெருவில் சினமன் லைஃப் மிகப் பெரிது, 687 அறை. அந்த வளாகத்தில் கசினோவும் உண்டு. உன் அப்பா போன்ற ஓர் ஆசிரியருக்கு அது பிடிக்குமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

"கடல் பார்த்த அறை" என்பதையும் கவனி. முழுக் கடல் வேறு, ஜன்னலில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தால் தெரிகிற கடல் வேறு. திடலைப் பார்த்த அறையில் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பினால் துறைமுக நகரத்தின் கட்டட வேலையும் கண்ணில் படும். கடலைத் தூர்த்து எழுப்பிய 269 ஹெக்டயர் அது. முன்பு அந்த இடத்தில் அலைதான் இருந்தது. எனக்கு இன்னும் கண் பழகவில்லை.

*

ராமகிருஷ்ண வீதி (வெள்ளவத்தை)

நான் வேற மாதிரிச் சொல்லுவன். அந்தக் காசில பாதிக்கு வெள்ளவத்தையில கடல் பக்கமாய் நாலு அறை அபார்ட்மென்ட் எடுக்கலாம். லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. கீழ இறங்கினால் மரக்கறி, மீன், பலசரக்கு, கோயில், எல்லாம் தமிழ். ஒன்பது பேர் ஹோட்டலில சாப்பிட்டால் காசு கரியாகும். அம்மாவின்ர கைச் சாப்பாடும் கிடைக்கும்.

*

கொக்குவில் மூத்தவள் (ஸ்காபரோ)

அண்ணா, நீங்கள் சொல்லுறது கணக்குக்குச் சரி. ஆனா "அம்மாவின்ர கைச் சாப்பாடு" எண்ட அந்த ஒரு வரிக்காகத்தான் நான் அபார்ட்மென்ட் வேண்டாம் எண்டுறன். அடுப்பிருக்கிற வீட்டுக்க அம்மாவை விட்டால் காலமை ஐந்து மணிக்கு இடியப்ப மா குழைச்சுக் கொண்டு நிப்பா. போன முறை நாங்கள் வந்து நிண்ட மூண்டு கிழமையும் அவ இருந்து சாப்பிட்டதை நான் காணேல்லை. எல்லாருக்கும் போட்டுப் போட்டு, கடைசியில சட்டியில ஒட்டியிருந்த குழம்பைச் சோத்தில பிரட்டி நிண்டபடியே சாப்பிட்டவ. ஐந்து நாளைக்காவது அவவுக்கு முன்னால வேற ஆரும் கோப்பை வைக்கோணும்.

*

ராமகிருஷ்ண வீதி (வெள்ளவத்தை)

விளங்குது தங்கச்சி. நான் வாயை மூடிக் கொள்ளுறன். என்ர அம்மாவும் அப்படித்தான் இருந்தவ.

*

தெஹிவளை நானா

சாப்பாட்டுக் கதை வந்துட்டதால நானும் வாறேன்.

அப்பா சைவமா? ஹோட்டல் காலைச் சாப்பாட்டுல இடியப்பம், சொதி, அப்பம், தோசை எல்லாம் வரும், பயப்பட ஒண்டுமில்ல. ஆனா மூணு நேரமும் ஹோட்டலுக்குள்ளயே சாப்பிடுற மாதிரி காசு கட்டிராதீங்க. காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து எடுங்க, மத்ததெல்லாம் வெளியே. கொள்ளுப்பிட்டியில ரெனுகா ஹோட்டலுக்குக் கீழ பல்மைரா எண்டு ஒரு இடம், யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்குப் பேர் போனது. ஊர்ச் சாப்பாட்டை வெள்ளைத் துணி விரிச்ச மேசையில ஒருத்தர் வந்து பரிமாற உங்கட அம்மா அப்பா சாப்பிடுறதைப் பாருங்க, அது ஒரு தனிச் சந்தோசம். பம்பலப்பிட்டியில சைவக்கடைகளும் இருக்கு, ஒரு நாள் பின்னேரம் வடை தோசைக்கு அங்க போங்க.

கணவருக்கும் தம்பிக்கும் நண்டு பிடிக்கும் எண்டா கோட்டையில பழைய டச்சு ஆஸ்பத்திரி வளாகத்துல மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப். கிரிக்கெட் ஆடின மஹேலவும் சங்கக்காரவும் பங்காளிகள். நண்டுக்கு எடை பார்த்து விலை, ரெண்டு கிலோ வரைக்கும் இருக்கும். முன்கூட்டியே மேசை பதியணும். பெரிய ஆக்களை அங்க கூட்டிப் போகாதீங்க. நண்டுக்கு அந்த விலையா எண்டு உங்கட அம்மா அதிர்ந்து போவா, பிறகு சாப்பாடு இறங்காது.

போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளையும் கலண்டர்ல பாருங்க. அண்டைக்கு மதுவிற்பனை இல்ல, கடைகளும் நிறையப் பூட்டு. உங்களுக்கு அது பிரச்சினை இல்லாம இருக்கலாம், ஆனா கோயில் பக்கம் வீதியெல்லாம் நிரம்பிடும்.

எங்கட பக்கத்து ஒரு இடமும் சேருங்க: புறக்கோட்டையில சிவப்புப் பள்ளிவாசல், ஜாமிஉல் அல்ஃபார். சிவப்பு வெள்ளைச் செங்கல்லால 1909ல கட்டி முடிச்சது. வெள்ளிக்கிழமை ஜுமுஆத் தொழுகை நேரம் தவிர்த்து, ஞாயிறு காலையில போங்க, அப்பதான் அந்தத் தெருவுல நிண்டு மேல பார்க்க இடம் கிடைக்கும்.

*

பழைய வரைபடம் (கொழும்பு 4)

நாள்களைப் பிரிக்கிறது பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் பெற்றோரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு இதே பயணத்தைச் செய்தவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: காலையில் ஒரே ஒரு இடம். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டுப் பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்புங்கள். மதியம் நித்திரை, நீச்சல். நாலரைக்குப் பிறகு மறுபடி வெளியே. நான் முதல் நாளில் ஐந்து இடம் போட்டேன். மூன்றாவது இடத்தில் மாமி வான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உங்கள் அப்பா தமிழாசிரியர் என்றபடியால் தேசிய அருங்காட்சியகத்தை விடவே கூடாது. 1877இல் திறந்த வெள்ளை மாளிகை. எல்லோரும் கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்கப் போவார்கள். பிரித்தானியர் எடுத்துப் போய் 1934இல் திருப்பித் தந்தது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அப்பாவை முதலில் காலி மும்மொழிக் கல்வெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். 1409 என்று தேதி வெட்டியிருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், அதாவது இன்றைய தேவேந்திரமுனையில் இருந்த விஷ்ணுவையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகிறது. ஒவ்வொன்றின் கீழும் காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் சீனத்துப் பேரரசன் இந்தத் தீவோடு பேச வேண்டி வந்தபோது தமிழிலும் பேசியிருக்கிறான். நான் அந்தக் கல்லுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இன்னொரு காலை. முழுக்கக் கருங்கல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பித்தது. வெளியில் புழுக்கமாக இருந்தாலும் உள்ளே கால் வைத்தால் குளிர்ச்சி.

பேரை வாவியில் சீமமாலகம் என்ற பௌத்த விகாரை பின்னேரத்துக்கு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, தண்ணீருக்கு மேல் மரத்தாலும் ஓட்டாலும் ஆனது. அவர் வாழ்ந்த வீடு, 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் இலக்கம், முன்பதிவு செய்து பார்க்கலாம். ஆனால் உள்ளே படி உண்டு, அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். தாமரைக் கோபுரம் 350 மீற்றர். பிள்ளைகள் கேட்பார்கள், வார நாளில் போனால் வரிசை குறைவு. அங்கும் அருங்காட்சியகத்திலும் வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம், ஆகவே மறுபடியும் அடையாள அட்டை.

*

மச்சாள் சொன்னது (கொழும்பு 13)

ஒரு எச்சரிக்கை. என்ர சித்தப்பா மகன் குடும்பத்தோட வந்து ஹோட்டல் வாசலில நிண்ட ஓட்டோவில ஏறினவர். "இண்டைக்குக் கோயில்ல யானை வருது, வருசத்தில ஒரு நாள்தான்" எண்டு சொல்லி, கடைசியில ஒரு இரத்தினக்கல் கடையில கொண்டுபோய் இறக்கிப் போட்டாங்கள். ரெண்டு மணித்தியாலமும் கொஞ்சக் காசும் போச்சு. ஒன்பது பேருக்கு நாள் வாடகைக்கு ஒரு வான் பிடிச்சு, அதே சாரதி ஐந்து நாளும் வாற மாதிரிப் பேசுங்கோ. ஏறி இறங்க ஒரு சின்னப் படிக்கட்டு வானுக்குள்ள இருக்கா எண்டும் கேளுங்கோ. தனியப் போறதுக்கு பிக்மீ, தொலைபேசியில வாகனம் கூப்பிடுற செயலி. வாசலில ஆரும் சிரிச்சுக் கொண்டு "எங்க போறீங்க சேர்" எண்டு கேட்டால் நடந்து கொண்டே இருங்கோ.

*

கொக்குவில் மூத்தவள் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. முடிவெடுத்திட்டம். மார்ச், ஆறு இரவு (முதல் இரவு விடியற்காலை விமானத்துக்காக). திடலைப் பாத்த புது ஹோட்டல் ஒண்டில மூண்டு அறை, ரெண்டு உள்ளால கதவு திறக்கிறது. அப்பா அம்மாவுக்குத் தொட்டி இல்லாத அறை, எழுத்தில வாங்கிட்டன். ஆச்சி சொன்ன முற்றத்துக்கு ரெண்டாம் நாள் பின்னேரம். போட்டு வந்து எழுதுறன்.

*

கொக்குவில் மூத்தவள் (ஸ்காபரோ)

வந்திட்டம். போன கிழமைதான் திரும்பினது. சொன்னபடி எழுதுறன்.

முதல் நாள் விடியப்பறம் ஐந்து மணி. நாங்கள் விமான நிலையத்தில இருந்து அதிவேக வீதியால வர, அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து இரவு ரெயினில. வரவேற்பு மேசைக்கு நான் போக முதல் அப்பா முன்னுக்குப் போயிட்டார். சேட்டுப் பையில இருந்து அடையாள அட்டை, அதின்ர ரெண்டு போட்டோக் கொப்பி, கிராம சேவகர் குடுத்த கடிதம், எல்லாத்தையும் எடுத்து நெஞ்சோட பிடிச்சுக் கொண்டு நிக்கிறார். ஆரும் அவரிட்டக் கடிதம் கேக்கேல்லை. மேசைக்கு அங்கால நிண்ட பிள்ளை சுத்தி வந்து, "அங்க இருங்கோ ஐயா, நான் எல்லாம் அங்க கொண்டு வாறன்" எண்டு தமிழில சொல்லிக் கதிரையில இருத்தி, குளிர்ந்த துவாயும் இளநீரும் குடுத்திச்சு. அட்டையை வாங்கிப் பாத்திட்டுத் திருப்பிக் குடுத்த பிறகும் லிஃப்ட் மட்டும் அதைக் கையிலதான் வைச்சிருந்தார்.

அம்மா முதல் நாள் காலைச் சாப்பாட்டில எழும்பி எழும்பி எங்களுக்குப் போட வெளிக்கிட்டா. ரெண்டாம் நாள் தம்பி அவவை மூலைக் கதிரையில இருத்தி ரெண்டு பக்கமும் பேரப் பிள்ளையளை வைச்சிட்டான். மூண்டாம் நாள் முட்டை அப்பம் சுடுற தம்பியிட்ட அவ தானே போய் நிண்டு, விளிம்பு இன்னும் கொஞ்சம் முறுகட்டும் எண்டு கைச்சாடையில சொல்லிக் கொண்டு நிண்டா. ஆனா கடைசி வரை இருந்துதான் சாப்பிட்டா.

சரி வராதது ரெண்டு. தாமரைக் கோபுரத்தில சனிக்கிழமை போய் நிறைய நேரம் நிண்டம், சொன்னதைக் கேக்கேல்லை. வானுக்குள்ள படிக்கட்டு இருக்கெண்டு தொலைபேசியில சொன்னவங்கள், வந்ததில இல்லை. சாரதி ஒரு பழைய பிளாஸ்டிக் பெட்டியை வைச்சுத் தந்தார், அது ஆடிச்சுது, அண்டு பின்னேரமே உறுதியான ஸ்டூல் ஒண்டு வாங்கினம்.

கல்வெட்டு: பழைய வரைபடம் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியால விரலை எழுத்துக்கு நேர கொண்டு போய்க் கொண்டு போய்ப் பாத்தார். தேய்ஞ்சு போயிருக்கு, வாசிக்கக் கஷ்டம். நாலைஞ்சு எழுத்துப் பிடிச்சவுடன மூத்தவளைக் கூப்பிட்டு, "இஞ்ச பார், இது உன்ர எழுத்து" எண்டார். அவள் கனடாவில சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போற பிள்ளை. குனிஞ்சு பாத்து "இதெனக்கும் தெரியுது" எண்டாள். சிம்மாசனத்துக்குப் போக நேரம் காணாமப் போச்சு.

முற்றத்தில கொடி இறக்கேக்க அப்பா எழும்பி நிண்டார். அம்மா தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டா.

ஐந்தாம் நாள் விடிய எழும்பிப் பாத்தால் அப்பாவைக் காணேல்லை. எல்லாரும் பதைச்சுப் போனம். ஏழு மணிபோல லிஃப்டால வாறார், செருப்பில மணல். தனியத் திடலுக்குப் போயிருக்கிறார். எங்கயப்பா போனனீங்கள் எண்டு கேட்டன். "சும்மா" எண்டார்.

செலவு விபரம் கேட்டுத் தனிமடல் போட்ட ரெண்டு பேருக்கும் நாளைக்கு அனுப்புறன். தேயிலைச் சாயம் தம்பி, குளியலறைக்குள்ள ஸ்டூல் கேட்டதை வேலைக்காரர் மறந்திருந்தவை, சொன்னவுடன பத்து நிமிசத்தில கொண்டந்தவை. அதையும் வந்திறங்க முதல் நாள் ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ எண்டு அடுத்துப் போற ஆக்களுக்குச் சொல்லிவிடுறன்.